வாயில்லா ஜீவன் வசூல் இலக்கணம்

பாயிரம்

இலக்கணம் எழுதப் புகுகிறவர் எல்லை சொல்லித் தொடங்க வேண்டும் என்பது மரபு. வடக்கே எண்ணூர், தெற்கே கேளம்பாக்கம், மேற்கே பூந்தமல்லி, கிழக்கே கடல். இந்த எல்லைக்குள் தெருவிலிருந்து தூக்கி வரப்படும் நாய்க்கு வைத்தியமும், வைத்தியம் முடிந்தபின் படுக்க இடமும் யார் காசில் நடக்கின்றன என்பதே நுவல்பொருள். யாப்பு: வாட்ஸ்அப் ஃபார்வர்டு. கேட்போர்: நடுராத்திரியில் க்யூஆர் படத்தைப் பார்த்து நூறு அனுப்பலாமா, இருநூறு அனுப்பலாமா என்று புரண்டு படுப்பவர். பயன்: அவர் சீக்கிரம் தூங்கப்போவது.

எல்லையைச் சென்னையோடு நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. இத்துறையின் முன்னோர் பலர் இவ்வூரார். கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கே 1903-இல் தோன்றியது. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் புளூ கிராஸ் என்னும் பிராணிநல அமைப்பைத் தொடங்கினார். 1960-இல் வந்த பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பிய ருக்மிணி தேவி அருண்டேலே 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவர். வாரியமும் நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது. நாயைப் பிடித்துக் கொல்வதை விட்டுக் கருத்தடை செய்து விடலாம் என்று புளூ கிராஸ் 1964-இல் சொல்லத் தொடங்கியதை, மாநகராட்சி 1996-இல் ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டை நாய்கள் எப்படிக் கழித்தன என்பது இந்நூலின் எல்லைக்குப் புறம்பு.

நன்னூல் செய்த பவணந்தியார் மாணாக்கரை அன்னம், பசு, கிளி, ஆடு, எருமை என்றெல்லாம் வகுத்துவைத்தார். நாயைச் சேர்க்கவில்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டாகத் தொடரும் இந்த விடுபாட்டை ஈடுகட்ட, இங்கே நாயை முன்நிறுத்தி மனிதரை வகுக்கிறோம்.

இனி நூலின் தலைமை நூற்பா:

ரத்தம் வரின் ரூபாய் வரும்;
ரத்தம் நிற்பின் ரூபாயும் நிற்கும்.

இதன் உரை: முதல் அடி வெளிப்படை. இரண்டாம் அடியின் உம்மை எச்சவும்மை; ‘இப்போ எப்படி இருக்கு?’ என்ற விசாரிப்பும், ஹார்ட் குறியும், ஷேரும் கூடவே நிற்கும் என்பதைத் தழுவி வந்தது. அப்படியாயின் ரத்தம் நின்ற நாய்க்குச் செலவில்லையோ எனின், செலவு அப்போதுதான் தொடங்கும் என்க. பின்னங்கால் முறிந்த நாய்க்குப் பிளேட் வைக்க ஒரு முற்பகல் போதும். எலும்பு கூட ஆறு வாரமாவது ஓடாமல் குதிக்காமல் கூண்டில் கிடக்க வேண்டும். தங்கலுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் என்று வைத்தால், 42 நாளுக்கு 21,000. ஆபரேஷன் காசை ஊர் ஒரே ராத்திரியில் கொட்டிவிடும். இந்த 21,000-ஐ, குழுவைத் தொடங்கிய பெண் தன் சம்பளத்திலிருந்து மூன்று தவணையில் கட்டுவார்.

நோயியல்

மருத்துவ நூலார் நோயைக் கிருமியால் வகுப்பர், உறுப்பால் வகுப்பர். வசூல் நூலார் படத்தால் வகுப்பர். படமெடுக்கத் தக்கன, வீடியோ எடுக்கத் தக்கன, எடுக்கத் தகாதன என மூன்று.

சொறி முதல் வகைக்குத் தலை. முடியெல்லாம் கொட்டி, தோல் தடித்து, கண் இடுங்கி நிற்கும் நாயின் படமும், சில மாதம் கழித்து அதே நாய் பளபளவென்று நிற்கும் படமும் அருகருகே வந்தால் கல்லும் கரையும். வைத்தியமும் எளிது. டிஸ்டெம்பர் இரண்டாம் வகை. அதில் தலையோ காலோ விட்டுவிட்டு வெட்டி இழுக்கும்; பத்து நொடி வீடியோவே போதும், பணம் வந்து குவியும். ஆனால் அந்த இழுப்பு வரை போன நாய் பிழைப்பது அரிது; பிழைத்தாலும் இழுப்பு போவதில்லை.

மூன்றாம் வகையில்தான் இந்நூலாசிரியரின் வயிற்றெரிச்சல் இருக்கிறது. டிவிடி (TVT) என்று ஒரு கட்டி. நாய்கள் இணைசேரும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். பிறப்புறுப்பில் கொத்துக் கொத்தாகச் சிவந்து, ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கும். வின்கிறிஸ்டின் ஊசியை வாரம் ஒன்றாக நான்கு முதல் ஆறு வாரம் நரம்பில் போட்டால் பெரும்பாலான நாய்களுக்குக் குணமாகிவிடும். மருந்தும் மலிவு. இத்தனை நம்பிக்கை தரும் நோய் தெருநாய்க்கு வேறு உண்டா என்பது ஐயமே. ஆனால் படம் போட முடியாது. அத்தைகளும் அலுவலக மேலாளரும் இருக்கும் குழுவில் அந்தப் படத்தை யார் போடுவார்? ரத்தம் வந்தும் ரூபாய் வராத இடம் இது. தலைமை நூற்பாவுக்கு விதிவிலக்கு.

போதாக்குறைக்குப் பிடிக்கும் பாடு. முதல் வாரம் பிஸ்கட்டைக் காட்டினால் வரும். ஊசி போட்டு அதே தெருவில் விட்டாயிற்று. இரண்டாம் வாரம் அதே ஆட்டோ முனை திரும்பும்போதே காம்பவுண்டுச் சுவர் தாண்டியிருக்கும். மூன்றாம் வாரம் பிஸ்கட் வாங்கிய கடைக்காரருக்கு மட்டும் லாபம். இடையில் ஊசி விட்டுப்போனால் கட்டி மறுபடி வளரும். ஆகவே அந்த ஆறு வாரமும் நாய் ஓரிடத்தில் கட்டுண்டு கிடந்தாக வேண்டும். ஊசிக்கு ஆகும் காசைவிட இருப்பிடத்துக்கு ஆகும் காசு பல மடங்கு. அதைக் கேட்டு ஒரு பதிவு போட்டால், “ஊசி போட்டாச்சுல்ல, அப்புறம் எதுக்குப் பணம்?” என்று ஒருவர் எழுதுவார். அவர் கெட்டவர் அல்லர். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

டிக் ஃபீவரையும் இங்கேயே வைக்கலாம். உண்ணி கடித்து வரும் இந்த நோயில் நாய் படுத்தே கிடக்கும், தின்னாது, ஈறு வெளுக்கும். படத்தில் அது தூங்குகிற நாய். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் விழுந்திருப்பதுதான் அதன் காயம். டெங்கு பார்த்த ஊர் என்பதால் அந்த எண்ணைச் சொன்னால் கொஞ்சம் புரியும். நாலு பேர் அனுப்புவார்கள். டாக்ஸிசைக்ளின் இருபத்தெட்டு நாள் தொடர வேண்டும் என்றால் அந்த நாலு பேரும் நல்வாழ்த்து கூறி விலகுவர்.

நாயின் தோற்றத்தாலும் வசூல் வேறுபடும். குட்டி என்றால் ஒரு மாற்று கூடுதல். கைவிடப்பட்ட ஹஸ்கி என்றால் காசோடு, சென்னை வெயிலில் ஏசி அறை தருகிறோம் என்று, கொஞ்ச காலம் வீட்டில் வைத்துப் பார்க்கும் ஃபாஸ்டரும் வரிசையில் நிற்பர். ஆறு வயதுக் கறுப்பு நாட்டு நாய் கடைசி. அதைப் பைரவர் என்று கும்பிட்டு வடை போடுவோர் உண்டு. வீட்டுக்குள் விடுவோர் குறைவு. புழுப்புண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதைக் கடைசிவரை வீடியோவில் பார்த்தவர் எவருமில்லை. தினமும் சோறு வைக்கும் ஃபீடர்கள் கைப்பையில் டாப்பிக்யூர் ஸ்பிரேயும் இடுக்கியும் வைத்துக்கொண்டு, வசூல் எதுவும் இல்லாமலே அதை முடித்துவிடுகிறார்கள்.

கொடையியல்

கொடையாளர் அறுவகையர் என்பாரும் எழுவகையர் என்பாரும் உளர். அந்தச் சண்டையில் நமக்கு வேலையில்லை. முக்கியமானவரைப் பார்ப்போம்.

மயில் கேட்காத போர்வையை மயிலுக்குக் கொடுத்த பேகனைக் கடையெழு வள்ளல்களில் ஒருவராக வைத்தது இந்த மொழி. அதற்குக் கொடைமடம் என்று பெயரும் இட்டு மெச்சியது. பேகன் வழிவந்தோர் இன்றும் உளர். ஏப்ரல் மாதம் காப்பகத்துக்குக் கம்பளி ஸ்வெட்டர் கொண்டுவருவர். பிள்ளையின் பிறந்தநாள் கேக்கை நாய்க்கு ஊட்டிப் படமெடுப்பர். அது சாக்லெட் கேக்காயின் அன்று மாலை டாக்டருக்கு வேலை. ஆயினும் பேகனை முற்றிலும் தள்ளவேண்டாம். பழைய பெட்ஷீட், துண்டு, செய்தித்தாள் ஆகியவை எத்தனை மூட்டை வந்தாலும் காப்பகத்தில் தங்குவதில்லை. பார்வோ என்னும் ரத்தக்கழிச்சல் நோய் வந்த குட்டிகளை வைத்திருக்கும் அறையில் காலையில் விரித்தது மதியத்துக்குள் குப்பைக்குப் போகும்.

அடுத்தவர் ‘டேக் பண்ணியாச்சு’ வகையர். கும்பிடு குறி மூன்று, அழுகைக் குறி இரண்டு, “யாராவது ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ்.” இவரும் ‘யாராவது’ என்பதில் அடங்குவார் என்பது இவருக்குத் தோன்றுவதில்லை. இவரோடு சேர்த்து எண்ணத்தக்கவர், “இதுக்குச் செலவு பண்றதுக்கு ஓர் ஏழைக் குழந்தைக்குக் குடுக்கலாமே” என்பவர். வாதம் வலுவானதுதான். ஏழைக் குழந்தைக்கு வசூல் நடக்கும் குழுவிலும் இவரைத் தேடிப் பார்த்தவர்கள் வேறு கருத்து வைத்திருக்கிறார்கள்.

கேள்விக் கொடையர் என்று ஒருவர். “பில் இருக்கா மேடம்? டாக்டர் லெட்டர்பேடுல எழுதினது? எக்ஸ்ரே?” எல்லாம் அனுப்பினால் நூறு ரூபாய் போடுவார். மீட்பவர்களுக்கு இவரைக் கண்டால் ஆகாது. இந்நூலார் இவர் பக்கம். ஒரே அடிபட்ட நாயின் படத்தை வேறு வேறு ஊர்ப் பெயரோடு போட்டுக் காசு பார்ப்போர் உண்டு. செவ்வாய்க்கிழமை செத்த நாய்க்கு வெள்ளிக்கிழமை வரை க்யூஆர் ஓடுவதும் உண்டு. அந்த நூறு ரூபாய்க்காரர் இல்லாவிட்டால் இவர்களுக்குக் கடிவாளமே கிடையாது. பில்லை மருத்துவமனைக் கணக்கிலேயே நேராகக் கட்டச் சொல்லும் வழக்கமும் இவர் கேட்டுக் கேட்டுத்தான் பரவியது.

இங்கே மீதிப்பணம் என்னும் சிக்கலைச் சொல்ல வேண்டும். நேர்மையானவர்களும் இடறும் இடம் இது. ஒரு நாய்க்கு 40,000 சேர்ந்துவிட்டது. 12,000 செலவான நிலையில் நாய் இறந்துவிட்டது. மீதி 28,000 யாருடையது? கொடுத்தவருக்கே திருப்பித் தர வேண்டும் என்பது ஒரு மதம். இருநூறு பேருக்குத் திருப்பி அனுப்புவது ஆகாத காரியம் என்பது எதிர்மதம். அடுத்த நாய்க்குப் போகட்டும் என்பது மூன்றாம் மதம். ஆனால் அதைக் கொடுத்தவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ‘மீதி இருந்தால் எங்கள் தங்கல் செலவுக்குப் போகும்’ என்று முதல் பதிவிலேயே ஒரு வரி எழுதிவைப்பவர் உத்தமர். அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் நட்பு முறிந்த குழுக்கள் இந்த எல்லைக்குள் பல.

நிறுவனக் கொடை தனி. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் விலங்கு நலமும் இருப்பதால், பெரிய கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து காப்பகத்துக்குத் தரலாம். தருகிறார்கள். கூண்டு கட்டித் தருவார்கள்; கூண்டைக் கழுவும் ஆளின் சம்பளம் என்றால் அது ‘திட்டத்தில் வராது’. கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி எழுதி வெளிச்சமே மறைந்துபோகிற கதைதான். பெயர்ப்பலகை மாட்ட இடமுள்ள பொருளுக்கே காசு. டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் பெயர் எழுத முடியாது, கரண்ட் பில்லில் முடியாது.

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் மட்டும் பூக்கும் கொடையர் 80ஜி வகையர். பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் வரிக் கழிவு உண்டு. ரொக்கமாயின் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. புது வரித்திட்டத்துக்கு மாறியவர்க்கு இந்தக் கழிவே இல்லை. ஆதலால் இவ்வினம் அருகி வருகிறது.

எல்லாரிலும் தலையாயவர் மாதம் 200 ரூபாயை வங்கியே எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர். அவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பார், அப்டேட் கேளார். அவரைப் பற்றி எழுத வேறு செய்தி கிடைக்கவில்லை. காப்பகத்தில் அரிசி வாங்குவது அவர் காசில்.

ஃபாஸ்டர் இயல்

தெருவுக்கும் தத்து எடுப்பவர் வீட்டுக்கும் நடுவே கொஞ்ச காலம் நாயை வைத்திருப்பவர் ஃபாஸ்டர். காப்பகத்தில் நூறு நாய்க்கு நடுவில் புதுத்தொற்று வாங்கிக்கொள்ளாமல் இருக்கவும், மனிதரோடு பழகவும், வீடு என்பது கழிக்கும் இடமன்று என்று கற்கவும் இவர் தேவை. இவருக்குத்தான் காசு சேர்வதில்லை.

‘ரெண்டு நாள்தானே’ ஃபாஸ்டர் இதில் கடைநிலை. இவர்பால் வரும் உரையாடலுக்கு ஓர் எடுத்துக்காட்டு:

“அக்கா, குட்டி ராத்திரி பூரா அழுதுட்டே இருக்கு. கீழ் வீட்டு அங்கிள் வந்து கதவைத் தட்டிட்டாரு.”

“பாட்டில்ல வெந்நீர் ஊத்தித் துணி சுத்தி பக்கத்துல வையும்மா. அம்மா படுத்திருக்கான்னு நினைச்சுத் தூங்கிடும்.”

“வெச்சேன்க்கா. நாளைக்கு ஹவுஸ் ஓனர் வேற வர்றாராம்.”

உரை: ‘ஓனர் வர்றாராம்’ என்பது செய்தியன்று, முடிவு. அக்கா அந்த நிமிடமே வேறு வீடு தேடத் தொடங்கிவிட வேண்டும்.

பாட்டி ஃபாஸ்டர் இதற்கு நேர்மாறு. அழைத்து வந்தவர் பேரன். “நாயெல்லாம் இந்த வீட்டுல வேண்டாம்” என்று முதல் நாள் சொன்னவர் பாட்டி. மூன்றாம் நாள் மாத்திரை கொடுக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்துவிடும். இட்லியை நடுவில் விரலால் குழித்து, மாத்திரையை வைத்து, மேலே இன்னொரு விள்ளலால் மூடி, மொத்தத்தையும் உருட்டி, முதலில் மாத்திரை இல்லாத உருண்டை ஒன்றைக் கொடுத்து நம்பிக்கை வரவைத்துப் பிறகு இதை நீட்டுவார். கால்நடைக் கல்லூரியில் இதைவிட நுட்பமாகக் கற்பிக்கிறார்கள் என்று தோன்றவில்லை. ஒரே எச்சரிக்கை: டாக்ஸிசைக்ளினைத் தயிர்சாதத்தில் வைக்கக் கூடாது என்பார் டாக்டர், பால்பொருள் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இதைப் பாட்டியிடம் சொல்லும் துணிவு பேரனுக்கு வேண்டும்.

ஒட்டிக்கொள்ளும் ஃபாஸ்டர் மூன்றாமவர். ஒரு மாதத்துக்கு என்று கொண்டுபோன நாயை, “இனி இவன் எங்க பையன்” என்று சொல்லிவிடுவார். ஃபாஸ்டர் ஃபெயில் என்று இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நாய்க்கு யோகம். குழுவுக்கு ஒரு நல்ல வீடு கைவிட்டுப் போயிற்று. அடுத்த நாய்க்கு அங்கே இடமில்லை.

இனி பார்வோ விதி. பார்வோ வந்த குட்டி ரத்தமாகக் கழிந்து, வாந்தி எடுத்து, டிரிப்ஸில் ஒரு வாரம் கிடந்து பிழைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கிருமி சாவதில்லை. அந்த வீட்டுத் தரையிலும் பால்கனி மண்ணிலும் மாதக்கணக்கில் இருக்கும். சாதாரண ஃபினைலுக்கு அது மசியாது. பிளீச்சிங் கரைசலால் கழுவ வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டி எதையும் அந்த வீட்டுக்கு நெடுநாள் அனுப்பக் கூடாது. ஒரு குட்டியைக் காப்பாற்றிய வீடு அந்த ஆண்டு முழுவதும் கணக்கிலிருந்து போய்விடலாம். இந்தச் செலவு எந்தப் பில்லிலும் ஏறாது.

கூலி ஃபாஸ்டர் என்று ஓர் இனம் புதிதாக வளர்ந்துள்ளது. நாளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மொட்டைமாடி அறையிலோ, புறநகர் மனையில் போட்ட ஷெட்டிலோ நாயை வைத்துப் பார்ப்பவர். “பாசத்துக்குக் கூலியா?” என்று குழுக்களில் இவரை ஏசுவது வழக்கம். இந்நூலாருக்கு அதில் உடன்பாடில்லை. இடுப்பு முறிந்து பின்கால் செயலிழந்த நாய்க்கு ஒரு நாளைக்குப் பலமுறை அடிவயிற்றை அமுக்கிச் சிறுநீர் வெளியேற்ற வேண்டும். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட வேண்டும். சக்கரவண்டி வாங்க ஊரே கொடுத்தது, அது ஓடும் வீடியோவை ஊரே பார்த்தது. வண்டியிலிருந்து இறக்கியபின் ஆயுள் முழுக்க வயிற்றை அமுக்குகிறவர் கூலி கேட்டால் அது கூலிதான், பாவம் அன்று. மீட்பவர்கள் முதல் பதிவிலேயே ஆபரேஷனுக்கு இவ்வளவு, நாற்பத்திரண்டு நாள் தங்கலுக்கு இவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தொகை பெரிதாகத் தெரிந்தால் யாரும் கொடுக்கமாட்டார்கள் என்பர் எதிர்மதத்தார். ஊரின் நெஞ்சு ஈரமாக இருக்கும் அந்த ஒரு ராத்திரியில் கேட்காததை, ஆறாம் வாரம் எந்தப் படத்தைக் காட்டிக் கேட்பார்கள் என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை.

எந்த வகையிலும் சேராத ஒருவர் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணன். தையல் போட்ட நாயைக் கேட்டுக்குப் பக்கத்தில் கட்டி, தன் டிபனில் பாதியைப் பிய்த்துப் போட்டு, காகம் புண்ணைக் கொத்தாமல் பார்த்துக்கொள்கிறவர் அவர். அவருக்கு ஃபாஸ்டர் என்ற சொல் தெரியாது. அவர் போனில் ஜிபேயும் இருக்கிறது. யாரும் நம்பர் கேட்டதில்லை.

அரசியல்

அரசன் கொடையும் உண்டு. கைவிடப்பட்ட, அடிபட்ட பிராணிகளையும் தெருநாய்களையும் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ, தமிழக அரசு 2022-இல் ‘வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள்’ என்று 20 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தது. பெயர் வைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் ஓரிரு நாயை வைத்துப் பார்க்கும் ஃபாஸ்டர் நிறுவனம் அல்லர் என்பதால் அவர் வாசலுக்கு அது வர வழியில்லை.

நீதிமன்றமும் இந்தக் கணக்கில் கை வைத்தது. டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடையுங்கள் என்று 2025 ஆகஸ்டு 11-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 22-ஆம் தேதி அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் விடாதீர்கள் என்றது. கூடவே, வழக்கில் வந்து நின்ற நாய் ஆர்வலர் ஒவ்வொருவரும் 25,000 ரூபாயும் அமைப்பு ஒவ்வொன்றும் 2 லட்சமும் கட்ட வேண்டும், அது நாய்களுக்கான வசதிகளுக்கே செலவாகும் என்றது. ‘அன்பிருந்தால் ரசீதைக் காட்டு’ என்னும் கேள்விக் கொடையரின் குரல் இவ்வளவு உயரத்திலிருந்து அதற்குமுன் கேட்டதில்லை.

நாய்க்கடி பட்டவரின் கோபத்தையும் இவ்வியலில்தான் வைக்க வேண்டும். அது நியாயமான கோபம். தெருவின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய்ச் சங்கிலி அறும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது. ஃபாஸ்டர் வீட்டில் ஆறு வாரம் இருந்து வெளியேறும் நாய் தடுப்பூசியும் கருத்தடையும் முடித்து, அதன் அடையாளமாகக் காதில் வெட்டோடு வருகிறது. கடிபட்டவரும் ஃபீடரும் சண்டையை நிறுத்திச் சேர்ந்து காசு போடக்கூடிய ஒரே தலைப்பு இதுதான். அப்படி ஒரு கூட்டு வசூல் நடந்ததற்கு எடுத்துக்காட்டு வந்தவிடத்துக் கண்டுகொள்க.

புறனடை

பூனை இந்நூலுள் அடங்காது. நாய்க்குச் சொன்ன விதி எதுவும் அதைக் கட்டாது. சில விதி அதைக் கொன்றே விடும். நாயின் புழுப்புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைனும், உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரினும் பூனைக்கு விஷம். பூனை வைக்கும் ஃபாஸ்டர் முதலில் பால்கனிக்கு வலை அடிக்க வேண்டும். அந்தச் செலவுக்கு எந்தக் குழுவிலும் தலைப்பு இல்லை. குட்டிகள் நாலைந்தாக அட்டைப்பெட்டியில் வரும். வசூலுக்குப் படமெடுக்கலாம் என்றால் ஐந்தும் ஒரே சமயத்தில் காமிராவைப் பார்ப்பதில்லை. கண் திறக்காத குட்டிக்குப் பசும்பால் ஆகாது, பேதியாகும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரைக் கரைத்து இரண்டு மூன்று மணிக்கொரு தரம் புகட்ட வேண்டும், ராத்திரியிலும். பூனை வசூலுக்குத் தனி இலக்கணம் செய்வதாக ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பாயிரம் மட்டும் வந்திருக்கிறது. மீதியைக் கேட்டு எப்போது போன் செய்தாலும், பால் கரைத்துக்கொண்டிருக்கிறேன், அப்புறம் கூப்பிடுங்கள் என்கிறார்.